மாடித்தோட்டத்து இஞ்சி அழுகினால் பாட்டிலைத் தேடாதீர்கள், பையின் அடியைப் பாருங்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மே மாதக் கடைசியில் மொட்டை மாடியில் ஆறு பைகளில் இஞ்சி நட்டேன். விதைக் கிழங்கு ஆன்லைனில் வாங்கியது. ஆகஸ்ட் வரை தளதளவென்று இருந்தது. அப்புறம் சில நாட்கள் தொடர்ந்து மழை. இப்போது இரண்டு பைகளில் கீழ் இலைகள் மஞ்சளாகி, செடியே சாய்கிறது. லேசாக இழுத்தால் தண்டு கையோடு வந்துவிடுகிறது. நர்சரியில் கேட்டேன். சத்துக் குறைவு என்று ஒரு டானிக்கும், லேபிள் இல்லாத சின்ன பாட்டிலில் ஒரு மருந்தும் கொடுத்தார்கள். இரண்டையும் அந்தப் பைகளில் ஊற்றிவிட்டேன். மீதி நாலு பைகளைக் காப்பாற்ற முடியுமா? கெட்ட பைகளில் நன்றாக இருக்கும் கிழங்கைச் சமைக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. அந்த இரண்டு பைகளின் கிழங்கு பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் சமையலுக்கு எடுக்காதீர்கள். செடியின் அழுகல் நோய் மனிதருக்குத் தொற்றாது. அழுகிய கிழங்கை ஒதுக்கிவிட்டு, கெட்டியாக, வாடை இல்லாமல், வெட்டினால் உள்ளே நிறம் மாறாமல் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் வேறு யாருக்கும் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாததற்குக் காரணம் அந்த லேபிள் இல்லாத பாட்டில். உள்ளே இருந்தது பூச்சிக்கொல்லியா, பூஞ்சணக்கொல்லியா, வேர் வழியாகச் செடிக்குள் ஏறும் வகையா என்று யாரும் சொல்ல முடியாது. மண்ணில் ஊற்றும் எதுவும் முதலில் போய்ச் சேருவது நாம் சாப்பிடப் போகிற கிழங்கில்தான். ஊற்றி எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது லேபிளைப் பார்த்தால்தான் தெரியும். லேபிள் இல்லாவிட்டால் அந்தக் கணக்கே இல்லை.

சரி, நோய்க்கு வருவோம். இது சத்துக் குறைவு இல்லை. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே மென்அழுகலின் அடையாளம். பித்தியம் என்ற கிருமியால் வருவது. ஈர மண்ணில் இதன் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போய் வேரையும் தண்டின் கழுத்தையும் பிடிக்கும். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர் கோத்துக் குழையும். கீழ் இலைகளின் நுனியில் தொடங்கும் மஞ்சள் ஓரம் வழியாக இறங்கி, பிறகு மேல் இலைகளுக்கு ஏறும். கிழங்கு கூழாகி நாற்றமடிக்கும். சத்துக் குறைந்தாலும் இலை வெளிறும்தான், ஆனால் இழுத்தால் தண்டு கையோடு வராது. இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? அதைக்கூடச் செய்யாமல் டானிக்கை நீட்டுகிறார்களே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஒரு சோதனை மட்டும் செய்துவிடுங்கள். இதே போல மஞ்சளாக்கிச் சாய்க்கும் இன்னொரு நோய் உண்டு, பாக்டீரியா வாடல். நோயுற்ற தண்டின் அடிப்பகுதியில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டு வாய் தண்ணீரில் படும்படி அசைக்காமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டு வாயிலிருந்து பால் மாதிரி வெள்ளையாக இழை இறங்கினால் அது பாக்டீரியா. அதற்கு வீட்டில் செய்யக்கூடிய மருத்துவம் எதுவும் இல்லை. பையோடு அப்புறப்படுத்த வேண்டும், அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்கவும் கூடாது. இழை இறங்கவில்லை என்றால் மென்அழுகல் என்றே எடுத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மீதி நாலு பைகளைக் காப்பாற்ற முடியும். ஆனால் இன்றைக்கே இறங்க வேண்டும், ஏனென்றால் அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஐப்பசி அடைமழைக்குள் இதைச் சரி செய்யாவிட்டால் அப்புறம் எதுவும் பலிக்காது. நோயுற்ற இரண்டு பைகளையும் முதலில் விலக்குங்கள். மாடித் தளத்தின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, எந்தப் பக்கம் என்று பாருங்கள். கெட்ட பையிலிருந்து வடியும் தண்ணீர் நல்ல பைகளின் அடியில் ஓடிக்கொண்டிருந்தால் நோயை நீங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கெட்ட பைகள் வாட்டத்தின் கடைசியில், வடிகுழாய்ப் பக்கம் இருக்கட்டும்.

நல்ல பைகளுக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். தளம் அழுக்காகக் கூடாது என்று வைக்கும் அந்தத் தட்டு இஞ்சியைக் குட்டையில் உட்கார வைக்கிறது. ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் உள்ள துளைகளை ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள், பாதி துளைகள் வேராலும் நார்க்கழிவாலும் அடைபட்டிருக்கும். பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே, சுற்றி நாலு துளை போடுங்கள். தண்டை ஒட்டிக் கிடக்கும் மூடாக்கை விலக்குங்கள். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. இஞ்சிக்கு ஈரம் பிடிக்கும், தேங்கிய தண்ணீர் ஆகாது.

அப்புறம் மருந்து. காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சணக்கொல்லியை, சீல் பிரிக்காத, லேபிள் ஒட்டிய பாக்கெட்டாக வாங்குங்கள். லிட்டருக்கு இரண்டரை கிராம் கரைத்து, தண்டின் அடியும் வேர்ப்பகுதியும் நனையும்படி நல்ல பைகளில் மட்டும் ஒரு தடவை ஊற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கலக்கிய பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. லேபிளில் உள்ள காத்திருப்புக் காலம் முடியும் வரை கிழங்கைத் தொடாதீர்கள். பதினைந்து நாள் கழித்து டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மக்கிய எருவில் கலந்து தூவலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் தாமிரம் அந்த நல்ல பூஞ்சையைப் பாதிக்கலாம். இதைச் சொல்லாமலேயே இரண்டு பாக்கெட்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், டிரைக்கோடெர்மா நோய் வராமல் தடுக்கும், வந்த அழுகலை ஆற்றாது.

இனி விதைக் கிழங்கு. இந்த நோய் பெரும்பாலும் நட்ட துண்டிலேயே வந்து, மழைக்காகக் காத்திருக்கிறது. ஆன்லைனில் "நாட்டு ஆர்கானிக் விதை இஞ்சி" என்று படம் போட்டு விற்பதில் பெரும் பகுதி மொத்தச் சந்தை மூட்டையிலிருந்து பொறுக்கியதுதான் என்பது என் கருத்து. விலையைத் தவிர வேறெதுவும் மாறியிருக்காது. "ஹைப்ரிட் இஞ்சி விதை" என்று சிறு விதைகளைப் பாக்கெட்டில் போட்டு விற்பவர்கள் அதைவிட மோசம். இஞ்சியில் நாம் பயிர் செய்யும் வகைகள் விதை பிடிப்பதே இல்லை, கிழங்கிலிருந்துதான் வளர்கின்றன. அந்தப் பாக்கெட்டில் இருப்பது எதுவானாலும் இஞ்சி இல்லை. மா இஞ்சியை இஞ்சி என்று விற்பதும் நடக்கிறது. அது மஞ்சள் இனத்துச் செடி, ஊறுகாய்க்கு அருமை, ரசத்துக்கு உதவாது.

கோழிக்கோட்டில் இருக்கும் இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வரதா, ரஜதா, மகிமா என்று நல்ல ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஒற்றை மொட்டு உள்ள ஐந்து கிராம் துண்டைக் குழித்தட்டில் முளைக்க வைத்து நாற்றாக நடும் முறையையும் அவர்கள்தான் கொண்டுவந்தார்கள். மாடித்தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. ஆனால் அது உங்கள் தெருமுனை நர்சரிக்கு வந்து சேர்ந்திருக்கிறதா? நம் வேளாண் துண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள், ஹெக்டேருக்கு 1500 கிலோ விதை, ஹெக்டேருக்கு இத்தனை டன் எரு என்றே இருக்கும். ஆறு பை வைத்திருக்கும் ஒரு பெண் இதை எப்படி வகுத்துப் பார்ப்பார்? தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தொகுப்பில் பை, நார்க்கழிவு, காய்கறி விதை, டிரைக்கோடெர்மா எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள், நல்ல வேலைதான். அதில் ஒரு துண்டு நோயற்ற இஞ்சி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த இடைவெளியில்தான் லேபிள் இல்லாத பாட்டில்கள் நுழைகின்றன.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு நான் எழுதியதைப் படித்துவிட்டு டிசம்பரில் பயந்துபோய் நல்ல செடிக்கு மருந்து ஊற்றுவீர்கள். மஞ்சளான இஞ்சி எல்லாமே நோயுற்ற இஞ்சி இல்லை. இஞ்சி எட்டு, ஒன்பது மாதப் பயிர். மே கடைசியில் நட்டது டிசம்பர் கடைசியில் தானாக மஞ்சளாகத் தொடங்கி, ஜனவரி, பிப்ரவரியில் காய்ந்து சாயும். கிழங்கு முற்றிவிட்டது என்பதற்கு அதுதான் அறிகுறி. அப்போதும் செடி சாயும், தண்டு எளிதாகக் கழன்று வரும். அப்படியானால் எப்படிப் பிரித்து அறிவது? முற்றும்போது எல்லாப் பைகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மஞ்சளாகும். நோயில் ஒரு பை, ஒரு மூலை, ஒரு தண்டு என்று தொடங்கும். முற்றிய செடியின் கழுத்து உலர்ந்து சருகாக இருக்கும், அழுகியது குழைந்து ஈரமாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் மண்ணை விலக்கி முகர்ந்து பாருங்கள். முற்றிய கிழங்கில் இஞ்சி வாசம் தூக்கும். அந்தச் சமயத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான், தண்ணீரை நிறுத்துவது. வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றி, எட்டு மாதம் வளர்த்ததைக் கடைசி மாதத்தில் அழுக வைத்தவர்கள் நிறையப் பேர். உரமும் வேண்டாம். இலை முழுக்கக் காய்ந்த பிறகு பையைக் கவிழ்த்து எடுங்கள்.

அவ்வளவு நாள் காத்திருக்கத்தான் வேண்டுமா என்றால், இல்லை. சமையலுக்கு ஐந்தாவது, ஆறாவது மாதத்திலேயே இளம் இஞ்சி எடுக்கலாம். நார் குறைவு, தோல் மெல்லிசு, ஊறுகாய்க்கும் பச்சடிக்கும் அதுதான் ருசி. உங்கள் நாலு பைகளில் இரண்டை அப்படி நவம்பரில் எடுத்துவிடுவது நல்லது என்பேன். அடைமழையில் எல்லாவற்றையும் பணயம் வைக்க வேண்டாம். மீதி இரண்டை சன்ஷேட் அடியில் நகர்த்தி முற்ற விடுங்கள். இளம் இஞ்சி சுக்குக்கு ஆகாது, சுருங்கிப் போகும். முற்றியதைத் தோல் சீவி, ஒரு வாரம் பத்து நாள் நல்ல வெயிலில், ஒடித்தால் பட்டென்று ஒடியும் வரை காய வையுங்கள். ஐந்து கிலோ பச்சை இஞ்சிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சுக்குதான் கிடைக்கும். கொஞ்சமாக இருக்கிறதே என்று பாதி ஈரத்தில் டப்பாவில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அப்புறம் மொத்தமும் குப்பைக்குத்தான். காய்ந்த பிறகு காரம் ஏறும், அதனால் கஷாயத்துக்குப் பச்சை இஞ்சி அளவுக்குச் சுக்கைப் போடாதீர்கள். இஞ்சிச் சாறு எடுத்தால் சற்று நேரம் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் வெள்ளை வண்டலை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுப்பது வழக்கம். அந்த வண்டல் பெரும்பாலும் மாவுச்சத்து.

அடுத்த வருடத்துக்கு விதையை வெளியே வாங்காதீர்கள். நோய் வராத பையிலிருந்து, நன்கு முற்றிய, பருத்த கிழங்குகளைக் கழுவாமல் மண்ணை உதறி எடுத்து, நிழலில், உலர்ந்த மணலில் புதைத்து வையுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் மொட்டு கிளம்பும். இருபது, இருபத்தைந்து கிராம் துண்டு, ஒன்றிரண்டு மொட்டு, இரண்டு அங்குலத்துக்குள் ஆழம். வெட்டிய வாய் ஒரு நாள் நிழலில் காய்ந்த பிறகு நடுங்கள். செம்மண், மக்கிய எரு, நார்க்கழிவு சம பங்கு. நார்க்கழிவு அதிகமானால் மழைக்காலத்தில் பை ஈரத்தை விடவே விடாது. மதிய வெயில் நேராக விழாத இடமாக இருக்கட்டும்.

அந்த இரண்டு பைகளின் மண்ணைப் பக்கத்துத் தொட்டிகளில் தட்டிவிடாதீர்கள். அழுகிய கிழங்கும் மருந்து பட்ட மீதிக் கிழங்கும் உரக்குழிக்குப் போகக் கூடாது, மூடிய குப்பைப் பையில் கட்டி அனுப்புங்கள். டம்ளர் சோதனையில் பாக்டீரியா இல்லை என்று தெரிந்தால் மண்ணைத் தனியாக மூடி வைத்து, அடுத்த ஏப்ரலில் நனைத்து, மாடியில் மெல்லிசாகப் பரப்பி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் ஓரம் காற்றுப் போகாமல் மூடி நாற்பது, நாற்பத்தைந்து நாள் திருச்சி வெயிலில் விடுங்கள். கறுப்புத் தாளைவிட இந்தத் தாளில்தான் சூடு உள்ளே நன்றாக இறங்கும். அப்படிச் செய்த மண்ணிலும் இரண்டு மூன்று வருடத்துக்கு இஞ்சியோ மஞ்சளோ வேண்டாம். அந்தப் பாட்டில் மருந்து பட்ட மண் என்பதால் பூச்செடி வையுங்கள்.

சோதனையில் உங்களுக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால், சாய்ந்த செடி ஒன்றைக் கிழங்கோடும் கொஞ்சம் மண்ணோடும் காகிதத்தில் சுற்றி, சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ நவலூர் குட்டப்பட்டு மகளிர் தோட்டக்கலைக் கல்லூரிக்கோ எடுத்துப் போங்கள். போகும்போது அந்த லேபிள் இல்லாத பாட்டிலையும், நர்சரியில் பில் கொடுத்திருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.