முன்குறித்தல் தலையெழுத்தா?

கேள்வி: ரோமர் 8:29 'முன்குறித்திருக்கிறார்' என்கிறது. 1 தீமோத்தேயு 2:4-லோ, எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே தேவசித்தம். என் தம்பி ஆலயப் பக்கமே வருவதில்லை. அவன் தெரிந்துகொள்ளப்படாதவன், அதாவது இரட்சிப்புக்கென்று தேவன் தேர்ந்தெடுக்காதவன் என்றால் நான் ஜெபித்து என்ன பயன்? - ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, 'முன்குறித்தல்' என்றதும் நம் காதில் 'தலையெழுத்து' என்றே விழுகிறது. அங்கேதான் சிக்கல். தலையெழுத்து என்றால் யார் என்ன செய்தாலும் நடப்பது நடக்கும். ரோமருக்கு இந்த நிருபத்தை எழுதிய பவுல் அப்படிச் சொல்லவில்லை. 8:30-ஐப் பாருங்கள்: முன்குறித்தவர்களை அழைத்தார், நீதிமான்களாக்கினார். அந்த அழைப்பு எந்த வழியாக வருகிறது? 10:14-இல் பதில் இருக்கிறது: பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்? முடிவைக் குறித்தவர் வழியையும் குறித்திருக்கிறார்; உங்கள் ஜெபமும் அந்த வழியில் சேர்ந்ததுதான். பலரும் 9-ஆம் அதிகாரத்தில், பிறக்குமுன்னே தேவன் ஏசாவை விட்டு யாக்கோபைத் தெரிந்துகொண்டதையும், குயவன் களிமண்ணைத் தன் இஷ்டப்படி வனைவதையும் படித்துவிட்டு, கலங்கிப்போய் வேதத்தை மூடிவிடுகிறார்கள். இன்னும் ஒரு பக்கம் புரட்டினால், அதையெல்லாம் எழுதிய அதே பவுல் இஸ்ரவேலின் இரட்சிப்புக்காக மன்றாடுகிறார் (10:1). உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வட்டாரத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் பலவும் 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழி வந்தவை. அதன் தாய்ச்சபை, ஆலந்தில் 1618-19-இல் கூடிய டார்ட் திருச்சபை மாமன்றத்தின் தீர்மானங்களை ஏற்றது. விசுவாசிப்பார்கள் என்று முன்னறிந்தே தேவன் தெரிந்துகொண்டார், கிருபையை மனிதன் எதிர்க்க முடியும் என்று ஆலந்து இறையியலாளர் ஆர்மீனியஸின் சீடர்கள் 1610-இல் எழுதிக் கொடுத்ததை அந்த மாமன்றம் மறுத்தது. ஆனாலும் கிருபை மனிதனைக் கட்டையைப் போலவோ கல்லைப் போலவோ நடத்துவதில்லை என்றும், சுவிசேஷத்தை எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும் என்றும் அதே தீர்மானங்கள் சொல்கின்றன. இதை மறைத்துவிட்டுப் போதிப்பது பெருந்தவறு. மெதடிஸ்டுகளோ ஆர்மீனியஸின் பக்கம். 1947-இல் அவர்களில் ஒரு பகுதியினரும் சி.எஸ்.ஐ.யில் இணைந்தார்கள். ஆம்பூர் லுத்தரன் உறவினரைக் கேட்டால், இரட்சிப்புக்கே தெரிந்துகொள்ளுதல் உண்டு, கெட்டுப்போக யாரையும் தேவன் குறிக்கவில்லை என்பார்கள். 1577-இன் லுத்தரன் அறிக்கை அப்படித்தான் சொல்கிறது.

தம்பியின் பெயர் ஜீவபுஸ்தகத்தில் உண்டா என்று ஆராய எந்தச் சபையும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். வசனம் அவர் காதில் விழ வழிசெய்யுங்கள்.

கேள்வி: நான் தெரிந்துகொள்ளப்பட்டவன்தானா என்று எப்படி அறிவது? - ஒரு வாசகர், காட்பாடி

பதில்: தேவனுடைய மறைபொருளைத் துருவாதீர்கள். கிறிஸ்துவில் விசுவாசம், பாவத்துக்காகத் துக்கம், நீதியின்மேல் பசி ஆகியவை உங்களில் உண்டா என்று பாருங்கள். இன்னும் தெளிவில்லையா? வசனம், திருவிருந்து, ஜெபம் இவற்றை விடாதிருங்கள்; பயந்து ஒதுங்க வேண்டாம் என்று டார்ட் தீர்மானமே சொல்கிறது.