வெள்ளை அட்டை: மணலுக்குள் மறையும் உயிர் பற்றிய சில கேள்விகள்

கேள்வி: கடல் அட்டையும் மழைக்காலத்தில் காலில் ஒட்டும் அட்டையும் ஒரே இனமா?

பதில்: பெயர் மட்டுமே ஒன்று. இரத்தம் உறிஞ்சும் அட்டை மண்புழுவின் உறவு; கடல் அட்டையோ நட்சத்திர மீன், கடல் முள்ளெலி ஆகியவற்றோடு சேர்ந்து முட்தோலி என்னும் கடலுயிர்க் கூட்டத்தைச் சேர்ந்தது. அது யாரையும் கடிக்காது. வெள்ளை அட்டை கடல் அட்டையில் ஒரு வகை.

கேள்வி: காலையில் ஒன்றுகூடத் தென்படாத இடத்தில் மாலையில் வெள்ளை அட்டைகள் கிடக்கின்றன. எங்கிருந்து வருகின்றன?

பதில்: எங்கிருந்தும் வரவில்லை, உங்கள் காலடி மணலுக்குள்ளேதான் இருந்தன. வெள்ளை அட்டை தலையை முதலில் மணலில் நுழைத்து, உடலைச் சுருக்கியும் நீட்டியும் மெல்ல உள்ளே இறங்கும். மூச்சு விடுவது ஆசனவாய் வழியே என்பதால், புதைந்திருக்கும்போதும் நீரை இழுத்துவிடும் அந்தப் பின்முனையை மேற்பரப்பை ஒட்டியே வைத்துக்கொள்ளும். பழகிய கண்ணுக்கு அந்தச் சிறு துளையே அடையாளம். சாலமன் தீவுகளில் நடந்த ஆய்வில், 10 முதல் 40 மில்லிமீட்டர் வரையுள்ள குஞ்சுகள் சூரியன் உதிக்கும் வேளையில் புதைந்து, மறையும் வேளையில் வெளிவந்தன. அவற்றைவிடப் பெரியவை வெளிச்சத்தைக் காட்டிலும் வெப்பநிலைக்கே கட்டுப்பட்டு, நீர் குளிரும் பின்னிரவில் புதைந்து நண்பகலில் எழுந்தன. ஆகவே "அட்டை இரவில்தான் மேயும்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது சரியல்ல. மழைநீர் கலந்து உப்புத்தன்மை குறைந்தாலும் அது புதைந்துவிடும். வடகிழக்குப் பருவமழையின்போது பாக் நீரிணைக் கரையோரம் அட்டையைத் தேடுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: குஞ்சுகள் ஏன் கடற்புல் உள்ள இடங்களிலேயே அதிகம் காணப்படுகின்றன?

பதில்: முட்டையிலிருந்து வரும் இளவுயிரி ஏறத்தாழ இரண்டு வாரம் நீரில் மிதந்து திரிந்தபின், பெரும்பாலும் கடற்புல்லின் இலைமீதுதான் வந்து அமர்கிறது. இலையின் மேல் படிந்த நுண்பாசியைச் சுரண்டித் தின்று, சுமார் 10 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்த பிறகே மணலுக்கு இறங்கும். வளர்ந்தவற்றுக்குச் சேறு கலந்த மென்மணல் பிடிக்கும். புதைய இடந்தராத பாறைத் தரையில் அவற்றைத் தேடுவது வீண்.

கேள்வி: வெறும் மணலில் என்ன சத்து இருக்கிறது?

பதில்: மணலில் இல்லை, மணிகளின் மேல் ஒட்டியிருக்கும் பாக்டீரியா, நுண்பாசி, மட்கிய பொருள் ஆகியவற்றில் இருக்கிறது. அவற்றைச் செரித்துவிட்டு மணலைப் பின்னால் தள்ளிவிடும். கடல்தரையைக் கிளறிக் காற்றோட்டம் தருவது இந்த மேய்ச்சலே.

கேள்வி: தொட்டால் வெள்ளை நூல் கக்குமா?

பதில்: அது நூல் அட்டை, வேறு இனம்.

கேள்வி: வலையில் தற்செயலாகச் சிக்கினால் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இந்தியாவில் கூடாது. 2001 முதல் எல்லாக் கடல் அட்டைகளும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. யாழ்ப்பாணக் கரையில் உரிமத்தோடு பண்ணைகள் நடப்பதைக் காட்டி இங்கே வாதிட முடியாது. உயிரோடு இருக்கும்போதே, வெயிலில் போட்டு வைக்காமல், மென்மணல் உள்ள ஆழமற்ற நீரில் விட்டுவிடுங்கள்.