கைப்பிடி எது, தடுப்பு எப்படி? வாள்வீச்சுக் கேள்வி பதில்

வாள்வீச்சில் கைப்பிடியைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் தடுப்புகளைச் சீர்செய்வது பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று வகை வாள்கள் உண்டு; முதல் இரண்டில் முனையால் குத்த வேண்டும், சேபரில் வெட்டவும் செய்யலாம். நான் எப்பே ஆடியவன், பதினைந்து ஆண்டுகளாக ஃபாயிலும் எப்பேயும் கற்றுக்கொடுக்கிறேன். சேபர் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் சற்று அடக்கத்தோடு பதில் சொல்வேன். பயிற்சிக் கூடத்தில் நாம் ‘பாரி ஃபோர்’, ‘பாரி சிக்ஸ்’ என்று சொல்பவற்றை நான்காம் தடுப்பு (மார்புப் பக்கம்), ஆறாம் தடுப்பு (வாள்கையின் வெளிப்பக்கம்) என்றும், ‘ரிபோஸ்ட்’ என்பதைப் பதிலடி என்றும், ‘பிளேடு’ என்பதை அலகு என்றும் எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து ஒரு தந்தை: என் மகளுக்குப் பதினொரு வயது. எட்டு மாதங்களாக ஃபாயில் கற்கிறாள். அவளுடைய பயிற்சியாளர் பிரெஞ்ச் கைப்பிடியைத்தான் கொடுத்திருக்கிறார்; போட்டிக்கு வரும் மற்ற பிள்ளைகள் எல்லோரும் பிஸ்டல் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். தடுக்கும்போது இவள் வாள் தள்ளாடுகிறது. மாற்றி வாங்கிக் கொடுக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பிரெஞ்ச் கைப்பிடி என்பது லேசாக வளைந்த ஒரு தண்டுதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிரே நின்று அதைப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் தேவைப்படும் கணத்தில் மட்டும் இறுகும். பிள்ளை பயத்தில் முழுக் கையாலும் அழுத்திப் பிடித்தால் வாள்முனை உடனே மேலே கிளம்பிவிடும். அதாவது தவறு வெளியே தெரிந்துவிடும். பிஸ்டல் கைப்பிடியில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு முட்டும் பள்ளமும் இருப்பதால் பிடி உறுதியாக அமைகிறது. ஆனால் அதே உறுதியினால், விரலால் செய்ய வேண்டியதை முழங்கையால் செய்தாலும் வாள் கீழ்ப்படிந்துவிடும், தவறு மறைந்துபோகும். எட்டாவது மாதத்தில் வாள் தள்ளாடுவது இயல்பு. அது விரல்கள் இன்னும் பழகவில்லை என்பதைக் காட்டுகிறதே தவிர, கைப்பிடியின் குற்றம் அன்று.

இதை எல்லாப் பயிற்சியாளர்களும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முதல் நாளிலிருந்தே பிஸ்டல் கொடுக்கும் நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள்; இன்றைய ஃபாயில் களத்தில் ஏறத்தாழ எல்லோரும் பிஸ்டலுக்குத்தான் வந்து சேர்கிறார்கள் என்பதும் உண்மை. ஆகவே உங்கள் மகளும் ஒருநாள் மாறுவாள். அப்போது இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். ஒன்று, அளவு. கையுறையை மாட்டிக்கொண்டுதான் பிடித்துப் பார்க்க வேண்டும். சிறியது, நடுத்தரம், பெரியது என்று எழுதியிருப்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பெரியதாக இருந்தால் கை பின்னோக்கி வழுக்கும், கையைக் காக்கும் வாள்கிண்ணத்திலிருந்து கட்டைவிரல் விலகும். பிஸ்டல் போன்ற வடிவப் பிடிகளில் முழுவதும் நீட்டிய கட்டைவிரலின் நுனி கிண்ணத்தின் உட்புறத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. இரண்டு, கைப்பிடிக்குள் நுழையும் அலகின் வால்பகுதி. பிரெஞ்ச் கைப்பிடிக்கு அது நீளமாக வேண்டும். பிஸ்டலுக்கு அதை அறுத்துக் குறைப்பார்கள். ஒருமுறை அறுத்த அலகில் மீண்டும் பிரெஞ்ச் கைப்பிடி போட முடியாது. எனவே இருக்கும் வாளை அறுக்காமல், புதிய அலகு வாங்கும் காலம் வரை பொறுத்திருங்கள்.

கோயம்புத்தூர், கல்லூரி மாணவர்: எப்பே ஆடுகிறேன், உயரம் 6 அடி 1 அங்குலம். பிரெஞ்ச் கைப்பிடியின் கடைக்கோடியில் பிடித்து ஆடும்படி சீனியர்கள் சொல்கிறார்கள். பிடித்தால் எட்டுகிறது, ஆனால் தடுப்பே வரவில்லை. நான் என்ன தவறு செய்கிறேன்?

தவறு எதுவும் இல்லை. அந்தப் பிடியின் விலையே அதுதான். கிண்ணத்தை ஒட்டிப் பிடிப்பதற்குப் பதிலாகக் கைப்பிடியின் கடைசியில் உள்ள குமிழை ஒட்டிப் பிடித்தால் மூன்று நான்கு விரற்கடை நீளம் கிடைக்கிறது. எப்பேயில் தாக்கும் உரிமை (இருவரும் தொட்டால் முதலில் தாக்கத் தொடங்கியவருக்கே புள்ளி என்ற ஃபாயில், சேபர் விதி) என்ற கணக்கு கிடையாது, யார் முதலில் தொட்டார் என்பதே கேள்வி. 40 மில்லிவினாடிக்குள் இருவரும் தொட்டால்தான், தொடுதலைக் காட்டும் மின்கருவியில் இருவருடைய விளக்கும் எரியும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் மூன்று விரற்கடை என்பது பெரிய சொத்து. ஆனால் பிடி பின்னால் போகப் போக, 770 கிராம் வரை இருக்கக்கூடிய அந்த வாளின் கனம் முழுவதும் கைக்கு முன்னால் போய்விடுகிறது. எதிராளி அலகைத் தட்டினால் உங்கள் முனை ஒரு முழம் விலகும்; நீங்கள் தட்டினால் அவர் முனை நான்கு விரல்கூட விலகாது.

எனவே அந்தப் பிடியோடு நான்காம் தடுப்பையும் ஆறாம் தடுப்பையும் நம்பி ஆடாதீர்கள். அவர் கை நீளும் கணத்தில் அவருடைய மணிக்கட்டையோ முன்கையையோ தொட்டுவிட்டு ஓர் அடி பின்வாங்குங்கள். அலகோடு அலகு சேரவே விடாமல் முனையை அடிக்கடி கீழே இறக்கி மறையுங்கள். அவர் நெருங்கிவிட்டால், கையை முன்னுக்குக் கொண்டுவந்து கிண்ணத்தை ஒட்டிப் பிடித்துத் தடுக்கலாம். விரலுக்கென்று தனி வடிவம் இல்லாத கைப்பிடியில் ஆட்டத்தின் நடுவே பிடியை மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆனால் தாக்கும்போது கை முன்னிருந்து பின்னுக்குக் கைப்பிடியில் வழுக்கிச் செல்லக் கூடாது. அது வாளை எறிவதற்குச் சமமாகக் கருதப்படும். சென்னையின் வியர்வையில் இது தெரியாமலே நடந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். இறகுப்பந்து மட்டைக்குச் சுற்றும் கிரிப் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வதும், இரண்டாவது கையுறை ஒன்றைப் பையில் உலர்ந்தபடி வைத்திருப்பதும் நல்லது.

தடுத்துப் பதிலடி கொடுப்பதுதான் உங்களுக்குப் பிடித்த ஆட்டம் என்றால், உயரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பிஸ்டலுக்குப் போய்விடுங்கள். சீனியர்களின் ஆட்டத்தை நீங்கள் ஆட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சென்னையிலிருந்து, ஃபாயில், மூன்று ஆண்டுகள்: பாடத்தின்போது என் நான்காம் தடுப்பு அழகாக வருகிறது. ஆட்டத்தில் பத்தில் எட்டு முறை ஏமாந்துபோகிறேன். என் வாள் காற்றைத் தடுக்கிறது, அவர் முனை என் தோளில் இருக்கிறது. பெல்ஜியன் பிடியிலிருந்து விஸ்கொன்டி பிடிக்கு மாறினால் வேகம் கூடுமா?

கூடாது. இந்தக் கேள்வியை மூன்று பேர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். இரண்டுமே பிஸ்டல் வகைதான். முட்டுகளின் இடமும் உள்ளங்கைச் சாய்வும் சற்று வேறுபடும், அவ்வளவே. உங்கள் கைக்கு எது வலியில்லாமல் பொருந்துகிறதோ அது சரியான பிடி.

பாடத்தில் தடுப்பு வருவதற்குக் காரணம், அங்கே குத்து எந்தப் பக்கம், எப்போது வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆட்டத்தில் எதிராளி முதலில் காட்டுவது குத்து அன்று, கேள்வி. அவர் கையைப் பாதி நீட்டுகிறார்; உங்கள் கை துள்ளி நான்காம் பக்கம் போகிறது; அவர் முனையை உங்கள் கிண்ணத்துக்கு அடியில் நழுவவிட்டு மறுபக்கம் வந்துவிடுகிறார். அவர் அந்தப் புள்ளியை வெல்லவில்லை, நீங்கள்தான் விற்றுவிட்டீர்கள்.

ஆகவே முதல் மாற்றம் காலில். அவர் முதல் அசைவுக்குக் கால் மட்டும் பதில் சொல்லட்டும், ஓர் அடி பின்னால். அலகு அசையக் கூடாது. அவர் கை முழுவதும் நீண்டு, முன்கால் தரையைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் உங்கள் கை அசைய வேண்டும். இவ்வளவு தாமதமா என்று நெஞ்சு பதறும். ஆனால் அடி பின்வாங்கியதால் அந்த நேரம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

இரண்டாவது, தூரம். உங்கள் கை எவ்வளவு நகர்கிறது என்று யாரையாவது கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். நான்காம் தடுப்பில் கை ஒரு சாண் நகர்ந்தாலே அதிகம். உங்கள் உடலின் விளிம்புக்கு வெளியே அவர் முனை போனால் போதும். அதற்கு மேல் தள்ளுவதெல்லாம் அவருக்கு நீங்கள் திறந்துவிடும் கதவு. முழங்கை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், முனை அவர் உடலையே நோக்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே தடுப்பை நம்பாதீர்கள். நான்காம் தடுப்புக்குப் போகிற கையை அவர் ஏமாற்றக் கற்றுவிட்டார் என்றால், அதே இடத்திலிருந்து சிறு வட்டம் போட்டு ஆறாம் பக்கம் அவர் அலகை வாரிக்கொண்டு வாருங்கள். வட்டத்தை விரல்தான் போட வேண்டும். ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு வட்டம் போதும். இன்னும் நல்லது, முதலில் நான்காம் தடுப்புக்குப் போவதுபோல் பாதி காட்டி, அவர் மறுபக்கம் வந்ததும் ஆறில் பிடிப்பது. அப்போது கேள்வி கேட்பவர் நீங்கள்.

ஒரு சோதனையும் சொல்கிறேன். உங்கள் அலகை வெயிலில் திருப்பிப் பாருங்கள். சின்னச் சின்ன வெட்டுத் தழும்புகள் எங்கே கூடியிருக்கின்றன? கிண்ணத்தை ஒட்டிய வலுவான மூன்றில் ஒரு பங்கில் இருந்தால், தடுக்கும் இடம் சரி. நடுவில் இருந்தால், நீங்கள் கையை முன்னே நீட்டி அலகைத் தேடிப் போகிறீர்கள் என்று பொருள். அடுத்துக் கையுறையைப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரலின் உட்பகுதி தேய்ந்திருந்தால் நல்லது. உள்ளங்கையின் நடு தேய்ந்திருந்தால் கைப்பிடியைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்திருக்கிறீர்கள்.

திருச்சியிலிருந்து: தெளிவாகத் தடுத்தேன், சத்தமும் கேட்டது. ஆனாலும் நடுவர் எதிராளிக்கே புள்ளி கொடுத்தார். இது ஃபாயில் போட்டி. நியாயமா?

ஆட்டத்தைப் பார்க்காமல் நடுவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலும் நடப்பது இதுதான்: தடுத்தவர் தடுப்பின் மகிழ்ச்சியில் ஒரு கணம் நின்றுவிடுகிறார். தடுப்பு உங்களுக்குப் பதிலடி கொடுக்கும் உரிமையைத் தருகிறது. அதை உடனே பயன்படுத்தாவிட்டால் உரிமை கைமாறி, அவர் மீண்டும் நீட்டும் குத்துக்கே புள்ளி போகும். ஃபாயில் கருவியில் முதல் தொடுதலுக்குப் பின் 300 மில்லிவினாடிதான் அவகாசம்; அதற்குள் உங்கள் முனை தொடாவிட்டால் உங்கள் விளக்கே எரியாது, நடுவர் பேசுவதற்கு எதுவும் இருக்காது. சத்தம் கேட்டது என்பதும் முழுச் சான்று ஆகாது. அவர் உங்கள் அலகைத் தட்டினாலும் அதே சத்தம்தான். பயிற்சியில் பதிலடி இல்லாமல் ஒரு தடுப்பைக்கூட முடிக்காதீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு மாணவி: சேபர். தலைக்கு வரும் வெட்டை ஐந்தாம் தடுப்பில் பிடித்தாலும், அலகு வளைந்து என் முகமூடியைத் தொட்டுவிடுகிறது. பவானி தேவி மூங்கில் கம்பில் பழகியவர் என்று படித்தேன். கம்பில் பழகினால் பயன் உண்டா?

சேபரில் கைப்பிடித் தேர்வு என்ற சிக்கலே இல்லை, பிஸ்டல் அங்கே கிடையாது. உங்கள் கை தலைக்கு மிக அருகில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐந்தாம் தடுப்பில் கை மேலே போனால் மட்டும் போதாது, முன்னேயும் போக வேண்டும்; வெட்டு உங்கள் அலகின் அடிப்பகுதியில், காப்புக்குப் பக்கத்தில் விழ வேண்டும். முனைப் பக்கத்தில் விழுந்தால் எதிராளியின் மெல்லிய அலகு வளைந்து உள்ளே வந்தே தீரும். தடுக்கும் அதே கணத்தில் அரையடி பின்வாங்கினால் அந்த வளைவுக்கும் எட்டாது.

பவானி தேவி சென்னையில் தொடக்க காலத்தில் மூங்கில் கம்பில் பழகியதற்குக் காரணம், மின் வாள்கள் விலை அதிகம் என்பதுதான். அங்கிருந்து புறப்பட்டு, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் களமிறங்கிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனையானார். முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்றார். கால்வேகத்தையும் தூரக் கணிப்பையும் கம்பில் பழகலாம். அலகின் வளைவைக் கம்பு காட்டாது, எனவே உங்கள் இந்தச் சிக்கலுக்கு அது உதவாது.

கன்னியாகுமரியிலிருந்து: ஏழு ஆண்டுகள் சிலம்பம் ஆடியவன், இப்போது எப்பே. என் தடுப்பு மிகப் பெரிதாக இருக்கிறது என்கிறார் மாஸ்டர்.

அவர் சொல்வது சரி. சிலம்பத்தில் இரு கையும் தோளும் சேர்ந்து கம்பைச் சுழற்றுகின்றன, அந்தச் சுழற்சியே காப்பு. இங்கே சுழற்சி முடிவதற்குள் குத்து வந்துவிடும். ஆனால் உங்கள் கால்வரிசையையும், எதிராளியின் தோளைப் பார்த்து அடியை முன்னுணரும் கண்ணையும் விட்டுவிடாதீர்கள். அவற்றைக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு ஆண்டுகள் ஆகின்றன. பின்முதுகு சுவரைத் தொடும்படி, வாள்கையின் முழங்கை ஒரு தூணை ஒட்டியிருக்கும்படி நின்று ஆறு வாரம் தடுத்துப் பழகுங்கள். தோள் வேலை செய்ய இடமே இல்லாதபோது விரல் விழித்துக்கொள்ளும்.

சேலத்திலிருந்து: இடக்கைக்காரன். கிளப்பில் இருக்கும் பிஸ்டல் பிடித்தால் விரல் வலிக்கிறது.

அது வலக்கைக்கான வார்ப்பு. இடக்கைக்குத் தனியாக விற்கிறார்கள், உங்களுக்கென்று ஒன்று வாங்குங்கள். அதுவரை பிரெஞ்ச் கைப்பிடி போதும்.

பெயர் வேண்டாம் என்று ஒருவர்: பிஸ்டலுக்கு மாறி மூன்று மாதங்களில் முழங்கையின் வெளிப்புறம் வலிக்கிறது. தாங்கிக்கொண்டு ஆடலாமா?

ஆடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அனுமதித்த பிறகு, இரண்டு அசைவுகளுக்கு நடுவில் பிடியைத் தளர்த்துகிறீர்களா என்று கவனியுங்கள். தடுக்கும் கணத்தில் கடைசி மூன்று விரல்கள் இறுகி, பதிலடி முடிந்ததும் தளர வேண்டும். மூன்று நிமிட ஆட்டம் முழுவதும் இறுக்கியே வைத்திருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த வலி வரக் கண்டிருக்கிறேன். பிடி அளவு சிறியதாக இருந்தாலும் கை தானாக இறுகும்.

வேலூரிலிருந்து: எங்கள் ஊரில் வாரம் இருநாள்தான் பயிற்சி. வீட்டில் தனியாகத் தடுப்பைப் பழக வழி உண்டா?

உண்டு. பழைய காலுறைக்குள் ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டு, மார்பு உயரத்தில் கயிற்றில் தொங்கவிடுங்கள். பந்தை லேசாகத் தள்ளிவிட்டு, அது உங்களை நோக்கி வரும்போது அலகின் அடிப்பகுதியால் மட்டும் தொட்டுத் திருப்புங்கள். பந்து பெரிதாக ஊசலாடினால் கை அதிகமாகப் போயிருக்கிறது. ஒரு சாண் விலகித் திரும்பினால் சரி. நான்கில் பத்து, ஆறில் பத்து, கீழே ஏழிலும் எட்டிலும் ஐந்தைந்து. திருப்பிய உடனே முனையைச் சுவரில் ஒட்டிய ஒரு ரூபாய் நாணயம் அளவு காகிதத்தில் தொட வேண்டும். கால்மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்; களைத்த விரல் தன் வேலையைத் தோளிடம் ஒப்படைத்துவிடும். முனையில் ரப்பர் மூடி போட்டுக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் அறையில் செய்யாதீர்கள்.