இறகு சுருங்கினால் ரெஸ்ட்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 60 பவுண்டு இழுவிசையுள்ள காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரமும் கேபிளும் உள்ளது) இருக்கிறது. ரிலீஸ் (நாணைப் பிடித்து இழுத்து விடும் கருவி) வைத்துத்தான் எய்கிறேன். மான் வேட்டையில் 25 கெஜத்துக்கு மேல் எய்வதில்லை. வில்லோடு வந்த ரெஸ்ட் (எய்யும்வரை அம்பைத் தாங்கும் பாகம்), அம்பைச் சுற்றி வட்டமாகத் தூரிகை முடி இருக்கும் விஸ்கர் பிஸ்கட் வகை. அம்பின் பிளாஸ்டிக் இறகுகள் அதில் உரசிச் சுருங்குகின்றன. கடைக்காரரோ, "இதில் வேகம் போய்விடும், பிராட்ஹெட் (அலகுள்ள வேட்டை முனை) நேராகப் போகாது, வேட்டை என்றால் டிராப்-அவே (அம்பு புறப்படும்போது கீழே விழும் ரெஸ்ட்) போட்டே ஆக வேண்டும்" என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் எய்யும் தூரத்துக்குக் கையில் இருக்கும் ரெஸ்ட்டே போதும். செருப்பு கடிக்கிறது என்று போனவரிடம் காலை மாற்றச் சொல்கிற கதையாக இருக்கிறது உங்கள் கடைக்காரர் பேச்சு.

முதலில் இறகைப் பார்ப்போம். மூன்று இறகுகளில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருக்கும் இல்லையா, அம்பை நாணில் பூட்டும்போது அது எந்தப் பக்கம் இருக்கிறது? கீழ்நோக்கி இருந்தால் கோளாறு அங்கேதான். அந்த வளையத்தின் அடிப்பகுதி முடிதான் விறைப்பானது. அம்பின் எடையைத் தாங்குவது அது. ஒற்றை இறகு மேலே இருந்தால், மற்ற இரண்டும் பக்கவாட்டில் உள்ள மென்மையான முடி வழியாக வெளியேறிவிடும். அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் நாக் துண்டைச் சற்றுத் திருகினால் வேலை முடிந்தது. அடுத்து, வளையத்தின் ஓட்டை உங்கள் அம்பின் தடிமனுக்கு ஏற்றதா என்று பாருங்கள். இவை பல அளவுகளில் வருகின்றன. நீளமான, தொளதொளப்பான இறகு இதற்கு ஆகாது. இரண்டு அங்குல நீளத்தில் குட்டையாக, விறைப்பாக இருப்பதை ஒட்டிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சுருங்கியதைக் கொதிக்கும் நீரின் ஆவியில் காட்டினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

வேகம் போகும் என்பது பொய்யில்லை. ஆனால் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். முடியில் உரசுவதால் நொடிக்கு மூன்று அடி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 270 அடி போகிற அம்பு 267 அடி போகும். 25 கெஜத்தில் அது கூடுதலாகத் தாழும் அளவு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதையும் குறிபார்க்கும் சைட் முள்ளைக் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்துவிடலாம். மானுக்கு இந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை.

பிராட்ஹெட் விஷயம் கொஞ்சம் பெரியது. இதில்தான் ஆட்களை அதிகம் ஏமாற்றுகிறார்கள். பயிற்சி முனை போட்ட அம்பு ஓரிடத்திலும், பிராட்ஹெட் போட்ட அம்பு வேறிடத்திலும் போய் விழுந்தால், பெரும்பாலும் அம்பு வில்லைவிட்டுக் கோணலாகப் புறப்படுகிறது என்று பொருள். முன்னால் இருக்கும் அலகு காற்றில் அந்தக் கோணலைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். எத்தனை விலை கொடுத்து ரெஸ்ட் வாங்கினாலும் அதைச் சரியான இடத்தில் பொருத்தாவிட்டால் கோணல் அப்படியேதான் இருக்கும். பல காம்பவுண்ட் வில்களில் ரைசரின், அதாவது கைப்பிடி உள்ள நடுச்சட்டத்தின், பக்கச் சுவரிலிருந்து அம்பின் நடுக்கோடு வரை ஏறத்தாழ 13/16 அங்குலம், அதாவது 20 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். அது தொடக்கப் புள்ளி மட்டுமே. அங்கிருந்து இரண்டு வகை அம்பையும் ஒரே குறிக்கு எய்து பார்த்து, பிராட்ஹெட் விழுந்த இடத்திலிருந்து பயிற்சி முனை விழுந்த இடம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசைக்கு ரெஸ்ட்டை நகர்த்த வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தி, மறுபடி எய்து, மறுபடி நகர்த்தி. பொறுமை வேண்டும். காசு வேண்டாம். அதனால்தான் எந்தக் கடையிலும் இதைச் சொல்லித் தருவதில்லை.

கடையில் என்ன நடக்கிறது தெரியுமா? வில்லை வாங்கி வைத்துக்கொள்வார்கள். லேசர் கோடு போட்டு ரெஸ்ட்டை நடுவில் நிறுத்துவார்கள். "டியூன் ஆகிவிட்டது" என்று சீட்டு ஒட்டித் திருப்பித் தருவார்கள். அதில் ஓர் அம்பாவது எய்யப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். எய்திருந்தாலும் எய்தவர் நீங்கள் இல்லை. உங்கள் கைப்பிடி வில்லை லேசாக முறுக்கும். இன்னொருவர் கை வேறு மாதிரி முறுக்கும். சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய காகிதத்தின் வழியே நீங்களே நின்று உங்கள் அம்பை எய்ய வேண்டும், கிழிசலைப் பார்க்க வேண்டும். வட்டத் துளையும் மூன்று இறகுக் கீறலும் ஒரே மையத்தில் இருந்தால் சரி. "எங்கள் கடையில் அதற்கு இடமில்லை" என்றால் ரெஸ்ட் விற்கவும் அங்கே இடமிருக்கக் கூடாது என்பது என் கருத்து.

இவ்வளவுக்குப் பிறகும் டிராப்-அவே வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் தப்பில்லை, நல்ல பொருள்தான். அம்பு புறப்படும்போது தாங்கி கீழே விழுந்துவிடும். இறகு எதிலும் உரசாது. இதில் இரண்டு வகை. ஒன்றின் கயிறு கேபிளில் கட்டப்படும். நாணை இழுக்கும்போது கேபிள் நகர்ந்து தாங்கியைத் தூக்கும். இன்னொன்றின் கயிறு லிம்பில், அதாவது வில்லின் வளையும் கையில், கட்டப்படும். வில் சும்மா இருக்கும்போது கயிறு தாங்கியைக் கீழே பிடித்திருக்கும். இழுத்ததும் லிம்ப் வளைந்து கயிறு தளரும், ஸ்பிரிங் தாங்கியை மேலே எழுப்பும். உங்களுக்கு லிம்பில் கட்டும் வகையைத்தான் சொல்வேன். வில்லை அழுத்தி நாணையும் கேபிளையும் தளர்த்தும் வில் பிரஸ் இல்லாமல் நீங்களே பொருத்தலாம், கயிறு தளர்ந்தால் நீங்களே இழுத்துக் கட்டலாம். கேபிளில் கட்டும் வகையை நேர்த்தியாகக் கட்டப் பெரும்பாலும் பிரஸ் தேவைப்படும். அதாவது, ஒவ்வொரு முறையும் கடைக்குப் போக வேண்டும். யார் எதைச் சிபாரிசு செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பது புரிகிறதா?

எந்த வகையானாலும் கயிறு கட்டிய இடத்தில் வெள்ளை மையால் ஒரு புள்ளி வையுங்கள். கயிறு வழுக்கினால் புள்ளி காட்டிக்கொடுக்கும். வழுக்கியது தெரியாமல் இழுத்தால் தாங்கி எழாது, அம்பு ரைசர் மேலேயே கிடக்கும், பிராட்ஹெட் அலகு எங்கே இடிக்கும் என்று சொல்ல முடியாது. தாங்கி சரியான நேரத்தில் விழுகிறதா என்று அறிய, காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை இறகில் அடித்து எய்யுங்கள். பவுடர் வழிக்கப்பட்ட இடம் இருந்தால் இறகு எதையோ தொடுகிறது.

இப்போது பொருத்தும் இடம். ரைசரில் ஒரு திருகுத் துளை இருக்கும். 5/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. பெர்கர் துளை என்பார்கள். எந்தக் கம்பெனி ரெஸ்ட்டும் எந்தக் கம்பெனி வில்லிலும் ஏறியதற்கு இந்த ஒரு துளைதான் காரணம். அப்படி நிம்மதியாக இருந்ததைக் கெடுத்து, ரைசரின் முதுகில் ஒரு பள்ளம், அதற்கென்று தனி ரெஸ்ட், அடுத்த ஆண்டு இன்னொரு மாடல் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். பிடிமானம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வில்லை மாற்றினால் ரெஸ்ட்டையும் மாற்ற நேரிடும் என்பதை விற்கும்போது யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. உங்கள் வில்லில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழையுங்கள். இடக்கைக்காரர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ரெஸ்ட் பற்றி நான் இதுவரை சொன்னது அப்படியே விரலால் நாணை இழுப்பவர்களுக்குப் பொருந்தாது. நீங்கள் ரிலீஸ் பயன்படுத்துகிறீர்கள், சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு உங்கள் நண்பர் ஒருவர் டிராப்-அவே வாங்கப் போவார், அதனால் சொல்கிறேன். ரிலீஸிலிருந்து விடுபடும் நாண் ஏறக்குறைய நேராகப் போகும். அம்பு வளைந்தால் மேலும் கீழுமாகத்தான் பெரும்பாலும் வளையும். விரலில் அப்படியில்லை. நாண் விரல் நுனியில் உருண்டு பக்கவாட்டில் விலகித்தான் போகும். அம்பின் நடுப்பகுதி முதலில் ரைசர் பக்கம் புடைக்கும், பிறகு எதிர்ப்பக்கம் வளைந்து, அப்படியே நெளிந்து வெளியேறும். அந்த முதல் புடைப்பைப் பக்கத்திலிருந்து மெத்தென்று தாங்க ஒன்று வேண்டும். ஸ்பிரிங் வைத்த பிளஞ்சர் அதற்குத்தான் இருக்கிறது. அடியிலிருந்து மட்டும் தாங்கும் டிராப்-அவேயில் அம்பு பக்கவாட்டில் நழுவும், அல்லது ஒருநாள் இடதும் ஒருநாள் வலதுமாக விழும். 1966-ல் ஹோலஸ் வில்பர் ஆலன் காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த காலத்தில் பெரும்பாலானோர் விரலால்தான் இழுத்தார்கள். அவர்கள் இன்னும் அழிந்துவிடவில்லை. ஆனால் கடை அலமாரியைப் பார்த்தால் அப்படியொரு இனமே இல்லாதது போல இருக்கும். விரல்காரர் கேட்டாலும் அதே டிராப்-அவேயைத்தான் எடுத்து நீட்டுவார்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை: காட்டில் ரிலீஸ் தொலைந்துபோனால், விரலால் இழுத்து எய்துகொள்ளலாம் என்று அந்த வில்லை மானை நோக்கித் தூக்காதீர்கள். அம்பு வேறெங்கோ போகும், காயம்பட்ட மான் ஓடிவிடும்.

பழைய ரெஸ்ட் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால், தூரிகை வகையில் அடிப்பகுதி முடி படிந்திருக்கிறதா என்றும், டிராப்-அவே வகையில் லிம்பைப் பிடிக்கும் கிளிப் கூட இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயரில்லாத நகல்களில் திருகு மரை சீக்கிரம் தேய்ந்து, வைத்த இடத்தில் ரெஸ்ட் நிற்காது.

எந்தக் கடைக்குப் போனாலும் வில்லோடு உங்கள் அம்புகளையும், வேட்டையில் போடும் அதே எடையுள்ள முனையையும் எடுத்துப் போங்கள். கடையில் கிடக்கும் அம்பை வைத்து டியூன் செய்து தந்தால் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.