வாசகர் கேள்வி – பதில்: அமைச்சரிடம் கேட்பது வேண்டுகோளா, விசாரணையா?

கேள்வி: சட்டப்பேரவையின் கேள்வி நேரத்தை நேரலையில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். "எங்கள் தொகுதியில் ஒரு துணை மின்நிலையம் அமைக்க அரசு முன்வருமா?" என்று உறுப்பினர் கேட்கிறார். "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று அமைச்சர் விடையளிக்கிறார். அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அமைச்சரைக் கேள்வி கேட்பது என்பது இவ்வளவுதானா?
– கல்லூரி மாணவி, நாமக்கல்

பதில்: தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையின் கேள்வி நேரம் 2022 ஜனவரியில் நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கிய பிறகுதான் உங்களைப் போன்ற பலருக்கு இந்த ஐயம் எழுந்திருக்கிறது. அது எழ வேண்டிய ஐயம்தான். "அரசு முன்வருமா?" என்ற சொற்றொடர் நம் பேரவையில் ஏறத்தாழ ஒரு மரபாகவே ஊறிவிட்டது. தொகுதி மக்களின் தேவையை அவையின் பதிவேட்டில் ஏற்றுவதற்கு அது உதவுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. சாலையோ பாலமோ கிடைக்காமல் பல ஆண்டுகள் காத்திருக்கும் ஓர் ஊருக்கு, தன் பெயர் பேரவையில் ஒலித்தது என்பதே பெரிய ஆறுதல்.

ஆனால் அந்தச் சொற்றொடர் உறுப்பினரை மனுதாரராகவும் அமைச்சரைக் கொடையாளியாகவும் மாற்றிவிடுகிறது. அரசியலமைப்பு காட்டும் உறவு இதற்கு நேர்மாறானது. மத்திய அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று 75-ஆவது பிரிவும், மாநில அமைச்சரவை சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று 164-ஆவது பிரிவும் கூறுகின்றன. விடை சொல்லக் கடமைப்பட்டவர் அமைச்சர். அந்த விடையைக் கேட்டுப் பெறுவதற்காகவே உறுப்பினரை நாம் அனுப்பியிருக்கிறோம்.

நீங்கள் சொன்ன துணை மின்நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கான கோரிக்கை எந்த ஆண்டில் துறைக்கு வந்தது, கள ஆய்வு முடிந்ததா, முடிந்திருந்தால் அறிக்கை என்ன சொல்கிறது, அந்த மாவட்டத்தில் இதேபோல் நிலுவையில் உள்ள கோரிக்கைகள் எத்தனை, அவற்றுள் முன்னுரிமை எந்த அளவுகோலின்படி முடிவாகிறது, கடந்த மூன்று ஆண்டுகளில் இதற்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று ஓர் உறுப்பினர் கேட்டால், "பரிசீலிக்கப்படும்" என்ற ஒற்றைச் சொல்லால் அதற்கு விடை சொல்லிவிட முடியாது. அமைச்சர் கோப்பைப் பிரித்துப் படித்தாக வேண்டும். அதற்கு முன்பே துறைச் செயலாளர் படித்திருக்க வேண்டும். அவருக்கும் முன்னதாக, பல மாதங்களாக அந்தக் கோப்பைத் தொடாத அலுவலகம் அதைத் தேடி எடுத்திருக்க வேண்டும். கேள்வியின் பாதிப் பயன் அவைக்குள் விடை வாசிக்கப்படுவதற்கு முன்பே, தலைமைச் செயலகத்தின் அறைகளில் நடந்து முடிந்துவிடுகிறது.

கேள்வி: நாடாளுமன்றத்தில் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி என்கிறார்களே, நட்சத்திரத்துக்கு அப்படி என்ன மதிப்பு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: நட்சத்திரத்தின் மதிப்பு துணைக் கேள்வியில் இருக்கிறது. குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து விடையளிக்க வேண்டும். அதைத் தொடர்ந்து துணைக் கேள்விகள் கேட்கலாம். மக்களவையில் கேள்வியை அனுப்பிய உறுப்பினருக்கு இரண்டு துணைக் கேள்விகளுக்கு வாய்ப்பு உண்டு. அவைத்தலைவர் அனுமதித்தால் பிற உறுப்பினர்களும் கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்து வடிவ விடை அவை மேசையில் வைக்கப்படும், அதோடு சரி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 குறியிட்ட கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலில் இடம்பெறுகின்றன. மாநிலங்களவையில் அவை முறையே 15, 160. மக்களவையில் காலை 11 மணிக்குத் தொடங்கும் கேள்வி நேரம், மாநிலங்களவையில் 2014 முதல் நண்பகல் 12 மணிக்கு நடைபெறுகிறது.

முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விக்கான விடையைத் துறை அதிகாரிகள் ஒவ்வொரு சொல்லாக எடைபோட்டுத் தயாரித்திருப்பார்கள். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதால் அதற்குப் போதிய நேரமும் உண்டு. துணைக் கேள்விக்கு அந்த வசதி கிடையாது. தன் துறையை அமைச்சர் உள்ளபடியே அறிந்திருக்கிறாரா, எழுதித் தந்ததை வாசிக்கிறாரா என்பது அந்த இரண்டு நிமிடங்களில் நாட்டுக்குத் தெரிந்துவிடும். ஒரு துறையின் நிலவரத்தை அறிய அமைச்சரின் ஒரு மணி நேர உரையைக் காட்டிலும் மூன்று நல்ல துணைக் கேள்விகள் அதிகம் உதவும் என்பது என் உறுதியான எண்ணம்.

எந்த உறுப்பினரின் கேள்வி பட்டியலில் முன்னே வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. பட்டியலில் 20 கேள்விகள் இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் நான்கைந்து மட்டுமே வாய்மொழியாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் 20 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன. 1972-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. இதற்கு நேரெதிராக, 2009-ஆம் ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடரில் ஒரு நாள், கேள்வி அனுப்பிய உறுப்பினர்களில் பலர் அவைக்கே வராததால் கேள்வி நேரம் பாதியில் முடிந்துபோனது. அந்த நிகழ்வுக்குப் பின், கேள்வி அனுப்பியவர் வராவிட்டாலும் மற்றவர்கள் துணைக் கேள்வி கேட்கலாம் என்று விதி மாற்றப்பட்டது.

கேள்வி: அவையில் எழுந்த கேள்வியால் பதவி இழந்த அமைச்சர் யாராவது உண்டா?
– வங்கி ஊழியர், விருதுநகர்

பதில்: உண்டு. அவர் சென்னையைச் சேர்ந்தவர், அன்றைய நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி.

1956-இல் காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவாயிற்று. அடுத்த ஆண்டே அந்தக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ 1.25 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. அந்தக் காலத்தில் அது மிகப்பெரிய தொகை. பாலிசி எடுத்திருந்த எளிய மக்களின் சேமிப்பு. 1957-இன் பிற்பகுதியில் இது குறித்து மக்களவையில் கேள்விகள் எழுந்தன. அரசுத் தரப்பின் தொடக்க விடைகள் ஐயத்தைத் தீர்க்கவில்லை. ஆளும் காங்கிரஸ் கட்சியின் உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி, டிசம்பரில் இந்தப் பரிவர்த்தனையின் விவரங்களை அவையில் அடுக்கடுக்காக எடுத்துவைத்தார். அரசு விசாரணைக்கு இசைய நேர்ந்தது. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா மக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தி, சில வாரங்களிலேயே அறிக்கை அளித்தார். நிதித்துறைச் செயலாளரின் செயலுக்கு அரசியலமைப்பின்படி அமைச்சரே பொறுப்பு என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பின்னாளில் அவர் மீண்டும் நிதியமைச்சரானார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த நிகழ்வில் என்னை எப்போதும் கவர்வது கேட்டவரின் இருக்கை. பெரோஸ் காந்தி எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருக்கவில்லை. அமைச்சரைக் கேள்வி கேட்பது எதிர்க்கட்சியின் வேலை மட்டுமே என்ற எண்ணம் இன்று ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் வேரூன்றியிருக்கிறது. நம் பேரவையில் ஆளுங்கட்சி உறுப்பினருக்குக் கிடைக்கும் துணைக் கேள்வி நேரத்தில் பாதி, தலைவர்களுக்கு நன்றி சொல்வதிலேயே கரைந்துவிடுகிறது. வாக்களித்த மக்கள் அவரை அனுப்பியதும் கேட்பதற்காகத்தான்.

கேள்வி: அமைச்சர் தவறான தகவல் தந்தாலோ, தந்த வாக்கை மறந்தாலோ யார் கேட்பது?
– நெசவாளர், காஞ்சிபுரம்

பதில்: இரண்டுக்கும் தனித்தனி வழிகள் உண்டு. அமைச்சரின் கூற்றில் பிழை இருப்பதாகக் கருதும் மக்களவை உறுப்பினர், அவைத்தலைவரின் 115-ஆவது நெறிமுறையின்கீழ் அதைச் சுட்டிக்காட்டலாம். தெரிந்தே பொய் சொன்னார் என்று நிறுவ முடிந்தால் அது அவை உரிமை மீறலாகும். ஆனால் "தெரிந்தே" என்பதை நிறுவுவது மிகக் கடினம்.

வாக்குறுதிக்கு அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும் இக்குழு செயல்பட்டு வருகிறது. நம் சட்டப்பேரவையிலும் இருக்கிறது. "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவை முன் வைக்கப்படும்" என்பன போன்ற சொற்களை நாம் தட்டிக்கழிப்பு என்று எண்ணுகிறோம். இக்குழுவின் கண்ணில் அவை கணக்குத் தீர்க்கப்பட வேண்டிய உறுதிமொழிகள். நாடாளுமன்றத்தில் அத்தகைய உறுதிமொழியை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும்; முடியாவிட்டால் காரணம் சொல்லி நீட்டிப்புக் கேட்க வேண்டும். குழுவின் பணி செய்திகளில் வருவதில்லை, விவாத மேடைகளில் பேசப்படுவதுமில்லை. ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும் உறுதிமொழிகளின் பட்டியல் குழுவின் அறிக்கைகளிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த அறிக்கைகளை வாசித்துச் செய்தியாக்கும் ஒரு நிருபர் ஒவ்வொரு நாளிதழிலும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

விடை போதவில்லை என்று கருதும் உறுப்பினர் அரைமணி நேர விவாதம் கேட்கவும் மக்களவை விதிகளில் இடமுண்டு. அதற்கான 55-ஆவது விதி மிக அரிதாகவே பயன்படுத்தப்படுவது வருத்தத்துக்குரியது.

கேள்வி: பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டவர்களும் இருந்தார்களே?
– வணிகர், ஈரோடு

பதில்: இருந்தார்கள். 1951-இல் தற்காலிக நாடாளுமன்றத்தின் உறுப்பினர் எச். ஜி. முத்கல், பம்பாயின் தங்க வணிகர் சங்கத்துக்காகப் பணம் பெற்றுக்கொண்டு அவையில் செயல்பட்டார் என்று விசாரணையில் தெரியவந்தது. 2005-இல் ஒரு தொலைக்காட்சியின் மறைமுகப் புலனாய்வில் சிக்கிய 11 உறுப்பினர்கள் அந்த ஆண்டு டிசம்பர் 23 அன்று நீக்கப்பட்டனர். அவர்களில் 10 பேர் மக்களவையைச் சேர்ந்தவர்கள், ஒருவர் மாநிலங்களவையைச் சேர்ந்தவர். 2007-இல் உச்சநீதிமன்றமும் அந்த நீக்கம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரு கேள்விக்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்றால், அந்தக் கேள்வியால் ஒரு கோப்பு நகரும் அல்லது நிற்கும் என்பதை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்று பொருள்.

கேள்வி: கேள்வி நேரத்தையே அரசு நிறுத்திவைக்க முடியுமா?
– வழக்கறிஞர், மதுரை

பதில்: நிறுத்தப்பட்டிருக்கிறது. 1962-இல் சீனப் போரின்போதும், 1975-இல் நெருக்கடிநிலையின்போதும் அப்படி நடந்தது. 2020 செப்டம்பரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி வாய்மொழிக் கேள்விகள் கைவிடப்பட்டன. எதிர்ப்பு எழுந்த பிறகு எழுத்து வடிவ விடைகள் மட்டும் தரப்பட்டன. அதே கூட்டத்தொடரில்தான் மூன்று வேளாண் சட்டங்கள் நிறைவேறின. அவை கூடுவதற்குப் பாதுகாப்பு இருந்தது, மசோதாக்களை நிறைவேற்றவும் பாதுகாப்பு இருந்தது, துணைக் கேள்விக்கு மட்டும் இல்லை என்ற வாதத்தை அன்றும் என்னால் ஏற்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை. அந்தச் சட்டங்கள் நல்லவையா அல்லவா என்பது வேறு விவாதம். வேளாண் அமைச்சர் துணைக் கேள்விகளை எதிர்கொண்டிருந்தால், ஐயங்களில் சிலவாவது அவைக்குள்ளேயே பேசித் தீர்க்கப்பட்டிருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பிரச்சினையை அவையில் எழுப்ப, சாதாரணக் குடிமகனான நான் என்ன செய்யலாம்?
– விவசாயி, திருவாரூர்

பதில்: முதலில், பிரச்சினை எந்த அரசின் பொறுப்பு என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பேருந்து குறித்தோ காவல் நிலையம் குறித்தோ நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொன்னால், மாநிலப் பொருள் என்ற காரணத்தால் அந்தக் கேள்வி ஏற்கப்படாது. சட்டமன்ற உறுப்பினரிடம் செல்ல வேண்டும். பயிர்க் காப்பீடு, ரயில் பாதை, தேசிய நெடுஞ்சாலை போன்றவை நாடாளுமன்றத்துக்கு உரியவை.

அடுத்து, கோரிக்கையை நீங்களே கேள்வியாக எழுதிக் கொண்டுபோங்கள். மக்களவையின் 41-ஆவது விதி கேள்விக்கு 150 சொற்கள் என்ற வரம்பை வைத்திருக்கிறது. வாதம், ஊகம், ஏளனம், அடைமொழி, அவதூறு எதுவும் கூடாது, அமைச்சரின் தனிப்பட்ட கருத்தைக் கேட்கக் கூடாது, நீதிமன்றத்தில் உள்ள விவகாரத்தைத் தொடக் கூடாது என்கிறது. கோபத்தைக் கழித்துவிட்டு ஆண்டு, தொகை, எண்ணிக்கை, காரணம் ஆகியவற்றை மட்டும் கேட்டால் கேள்வி தானாகக் கூர்மை பெறும். "எங்கள் பகுதிக்குப் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு வழங்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். சென்ற ஆண்டு இந்த மாவட்டத்தில் எத்தனை விவசாயிகள் பிரீமியம் செலுத்தினர், எத்தனை பேர் இழப்பீடு கோரினர், எத்தனை பேருக்குக் கிடைத்தது, மறுக்கப்பட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன என்று எழுதுங்கள். கையில் ஏற்கெனவே சில தரவுகள் இருந்தால் நல்லது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால் பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். அந்த விடையை உறுப்பினரிடம் கொடுத்தால், அவருடைய துணைக் கேள்விக்கு அது அடிப்படையாகும்.

கூட்டத்தொடர் அறிவிக்கப்பட்டவுடனேயே அவரைச் சந்தியுங்கள். 15 நாள் முன்னறிவிப்பு இருப்பதால், அவை கூடிய பிறகு போனால் பெரும்பாலும் வாய்ப்புக் கைநழுவிவிடும். குறியிடாத கேள்வியாக அனுப்பினாலும் போதும் என்று சொல்லுங்கள். எழுத்து வடிவ விடை நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியாகும். வந்ததும் கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, விடையை அச்செடுத்து ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். அதில் "பரிசீலனையில் உள்ளது" என்றிருந்தால், மூன்று மாதம் கழித்து அதே தாளுடன் அதே உறுப்பினரிடம் மீண்டும் செல்லுங்கள்.