மரக்கன்றைக் காக்கவும் காசு கேளுங்கள்: திருகோணமலை இளைஞர் கழகங்களுக்கு ஒரு கேள்வி பதில்

பாடசாலைப் பிள்ளைகளோடும் இளைஞர் கழகங்களோடும் திருகோணமலை நகரில் பல வருடமாக மரம் வளர்த்து வருகிறேன். அதற்கான காசுக்கு விண்ணப்பம் எழுதுவதும் என் வேலைதான். கிடைத்ததை விடக் கிடைக்காமல் போனதே அதிகம். இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த மட்டில் பதில் சொல்கிறேன்.

உப்புவெளி, இளைஞர் ஒருவர்: அக்கா, நாங்கள் 18 பேர் சேர்ந்து கடற்கரை வீதியில் மரம் நடப்போகிறோம். பதிவு எதுவும் இல்லை. காசு கேட்கலாமா?

கேட்கலாம் தம்பி. ஆனால் தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு எந்த நல்ல கொடையாளரும் காசு போடமாட்டார். உங்கள் வயது 13க்கும் 29க்கும் இடையில் என்றால், பிரதேச செயலகத்தில் இருக்கும் இளைஞர் சேவை உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் இளைஞர் கழகமாகப் பதிய அவர் வழிகாட்டுவார். யாப்பு, அதாவது கழகத்தின் விதிகள், ஒன்று எழுதுங்கள், இரண்டு பக்கம் போதும். வங்கிக் கணக்கைக் கழகத்தின் பெயரில் திறந்து, இருவர் கையெழுத்து வைத்தால்தான் காசு எடுக்கலாம் என்று வையுங்கள்.

பலர் கோட்டை விடுவது கூட்ட அறிக்கைப் புத்தகத்தில். எங்கள் முதல் புத்தகம் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி. யார் வந்தார்கள், என்ன முடிவு, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று அதில் எழுதி வைத்தோம். பிறகு பார்க்க வந்த அதிகாரி திட்ட முன்மொழிவைத் திறக்கவே இல்லை. அந்தக் கொப்பியைத்தான் அரை மணி நேரம் புரட்டினார்.

பதிவு கிடைக்கும் வரை, ஏற்கெனவே பதிந்த கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றின் பெயரில் விண்ணப்பிக்கலாம். யார் காசை வைத்திருப்பது, யார் செலவழிப்பது என்று ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்து வையுங்கள். பழக்கமானவர்கள்தானே என்று விட்டால் பின்னால் மனஸ்தாபம்தான்.

திருகோணமலை நகரம், ஆசிரியை: ஜூன் 5 சுற்றாடல் தினத்தில் 100 கன்று நட ஒரு நிறுவனம் உதவத் தயார். முன்மொழிவை எப்படி எழுதுவது?

டீச்சர், முதலில் அந்தத் திகதியை மாற்றுங்கள். இதை மன்றாட்டமாகவே கேட்கிறேன்.

நானும் ஒரு ஜூன் 5இல் நட்டவள்தான். பாண்ட் வாத்தியம், பதாகை, குளிர்பானம் எல்லாம் இருந்தது. நூறு கன்று நட்டோம். ஆகஸ்டில் எண்ணிப் பார்த்தபோது ஒன்பது நின்றது. தென்பகுதிக்கு மழை கொண்டுவரும் தென்மேல் பருவக்காற்று நம்மூருக்கு வரும்போது கச்சான் காற்றாகத்தான் வரும், சூடாக, ஈரமே இல்லாமல். வேர் இறங்காத கன்று அதில் ஒரு கிழமைக்குள் கருகிவிடும். நம் மழை வடகீழ்ப் பருவத்து மழை. ஒக்டோபர் கடைசியில் முதல் மழை விழுந்து மண் நனைந்தபின் நட்டால், ஜனவரி வரை வானமே தண்ணீர் ஊற்றும். ஜூன் 5இல் வேறு வேலை இருக்கிறது. விதை சேகரியுங்கள், நாற்றுப்பை நிரப்புங்கள், போன மாரியில் நட்டதில் எத்தனை நிற்கிறது என்று பிள்ளைகளை விட்டு எண்ணச் சொல்லுங்கள். நிறுவனத்துக்குப் படம் வேண்டுமென்றால் அதிலும் நல்ல படம் கிடைக்கும்.

அடுத்தது தண்ணீர். 60 கன்று என்றே வைப்போம். ஒரு கன்றுக்குத் தடவைக்குப் பத்து லீற்றர், கிழமைக்கு இரண்டு தடவை என்றால் கிழமைக்கு 1,200 லீற்றர். மே முதல் செப்டெம்பர் வரை 22 கிழமை. ஆக 26,400 லீற்றர். இது எந்தக் குழாயில் வரும், யார் சுமப்பார், பாடசாலை விடுமுறையில் யார் ஊற்றுவார்? இந்த மூன்றுக்கும் விடை எழுதாத முன்மொழிவு கன்று சாவதற்கான முன்மொழிவு. நூறு கன்று வேண்டாம் டீச்சர், 60 போதும்.

அப்புறம் மான். பிரெட்றிக் கோட்டையிலிருந்து நகரத்துக்குள் திரியும் புள்ளிமான்கள் நம் எல்லோருக்கும் செல்லம்தான், ஆனால் இளந்தளிர் அவற்றுக்கு விருந்து. மாடும் ஆடும் வேறு. கன்றின் விலையை விட அதைச் சுற்றி அடைக்கும் கூட்டின் விலை பல மடங்கு வரும், அதை வரவுசெலவில் தைரியமாக எழுதுங்கள். இரும்புக் கூடு களவு போகிற இடத்தில் நாங்கள் கருக்குமட்டை அடைக்கிறோம். பனைமட்டையின் அந்த அரம் போன்ற விளிம்பில் மான் வாய் வைக்காது. அடைக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாள்கூலி கொடுத்து, பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம்.

என் கணக்குப்படி நூறு ரூபாயில் கன்றுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. கூட்டுக்கு முப்பது, இரண்டு கோடை தாண்டும் வரை தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் நாற்பது. மிச்சம் பிள்ளைகளின் பயிற்சிக்கு.

மூதூர், சங்கத் தலைவர்: சரி, யாரிடம்தான் கேட்பது?

ஐயா, கிட்ட இருந்து தூரமாகப் போங்கள். கன்றை வன இலாகா நாற்றுமேடையில் கடிதம் கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். உங்களோடு சேர்வது பாடசாலை என்றால், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடிக் குழு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிள்ளைகளின் வேலை அவர்களின் பதக்கத்துக்கும் கணக்காகும். வங்கிகளும் கம்பனிகளும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பொருளாகத் தருவதுண்டு. தண்ணீர்த் தாங்கி, குழாய், மண்வெட்டி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொருளாகக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கிறது.

பெரிய தொகைக்கு, ஜீ.ஈ.எஃப். என்கிற உலகச் சுற்றாடல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் இருக்கிறது. 1992இல் தொடங்கியது, ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டம் நடத்துகிறது. சமூக அமைப்புகளுக்கென்றே இருக்கும் நிதி இது. ஆனால் "ஊரை அழகாக்கப் போகிறோம்" என்று எழுதினால் நகராது. உயிர்ப்பல்வகைமை, காலநிலை, நிலம் சீரழிதல் என்று அவர்களின் துறைகளில் ஒன்றோடு உங்கள் வேலை உண்மையாகவே சேரவேண்டும். உங்கள் பக்கப் பங்களிப்பையும் பார்ப்பார்கள். அது காசாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, உழைப்பு, மண்டபம், டிராக்டர் ஓட்டம் எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் காட்டலாம்.

தூதரகங்களிலும் சிறு நிதி உண்டு. அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி, ஜப்பானின் அடிமட்ட மானியம் என்று மூன்றைச் சொல்லலாம். விண்ணப்பம் கோரும் காலம் வருடத்துக்கு வருடம் மாறும். அழைப்பு வந்தபின் எழுதத் தொடங்கினால் பிந்திவிடும், முன்மொழிவை முதலே எழுதி வைத்திருங்கள்.

ரொறன்ரோ, திருகோணமலைக்காரர்: எங்கள் பழைய மாணவர் சங்கம் அனுப்பத் தயார். முன்பு அனுப்பிய காசுக்குக் கணக்கே வரவில்லை. எப்படி நம்புவது?

அண்ணா, உங்கள் கோபம் நியாயமானது. ஊரில் இருக்கிற எங்களுக்கு அது வெட்கமும்கூட. ஒரேயடியாக அனுப்பாதீர்கள். முதல் பங்கு கூட்டுக்கும் குழிக்கும். பற்றுச்சீட்டுகளின் படம் வந்தபின் இரண்டாவது. மூன்றாவது பங்கைப் பிடித்து வைத்து, அடுத்த செப்டெம்பரில் உயிரோடு நிற்கும் ஒவ்வொரு கன்றின் படமும் வந்தபின் விடுங்கள். படத்தில் கன்றின் இலக்கத்தகடு தெரியவேண்டும். இப்படி ஒப்பந்தம் போட்டால் கோபிக்கிற குழுவை விட்டுவிடலாம்.

கிண்ணியா, இளைஞர் ஒருவர்: களப்புக் கரையில் கண்டல் மரங்கள் நடப்போகிறோம். காசு கிடைக்குமா?

கண்டலுக்குக் காசு கிடைப்பது சுலபம், அதுதான் எனக்குப் பயம். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்ட கண்டல்களில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. உப்பும் நீர்மட்டமும் ஒத்துவராத இடத்தில், கிடைத்த இனத்தைக் குத்திவிட்டுப் போனதுதான் பெரிய காரணம். அந்தக் கரையில் முன்பு கண்டல் நின்றதா என்று மீன்பிடிக்கிற பெரியவர்களிடம் கேளுங்கள். நின்றது என்றால், ஏன் அழிந்தது? நீரோட்டம் மறிபட்டதா, குப்பை நிரம்பியதா? அந்தத் தடையை எடுக்கக் காசு கேளுங்கள். தண்ணீர் பழையபடி ஏறி இறங்கினால், பக்கத்தில் தாய்மரம் இருக்கும் இடத்தில் விதை தானாகவே மிதந்து வந்து ஊன்றும். எதைத் தொடுவதற்கும் முன் வன இலாகாவின் அனுமதியைக் கேளுங்கள்.

சீனக்குடா, உயர்தர மாணவி: படிவத்தில் "எதிர்பார்க்கும் விளைவு" என்று ஒரு கட்டம். "விழிப்புணர்வு ஏற்படும்" என்று எழுதலாமா?

வேண்டாம் தங்கச்சி. அதை அளக்க முடியாது. எண்ணக்கூடியதை எழுதுங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று கன்று, ஒரு கொப்பி. கிழமைக்கு ஒருநாள் உயரம், இலை, பூச்சி, ஊற்றிய தண்ணீர் எல்லாம் அதில் ஏறும். மத்தியானம் வெயிலில் தார்வீதி அருகே ஒரு வெப்பமானி, பெரிய வேப்பமர நிழலில் ஒன்று. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி இரண்டையும் வாசித்துவிட்டு, ஒன்று பழுது என்று நினைத்து இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். திரும்பவும் அதே வித்தியாசம். அன்றிலிருந்து தன் வீட்டு முற்றத்து வேம்பை வெட்ட அவள் விடவில்லை. ஆகவே இப்படி எழுதுங்கள்: "12 மாதம் முடிவில் 60 கன்றில் 45 உயிரோடு நிற்கும், 20 பிள்ளைகளிடம் ஒரு வருடக் குறிப்பு இருக்கும்." 45க்குப் பதில் 38 நின்றால் 38 என்றே அறிக்கை கொடுங்கள். ஏன் என்று எழுதினால் மதிப்பு குறையாது.

நிலாவெளி: ஆங்கிலம் சரளமாக வராது.

தமிழில் முழுவதையும் எழுதி முடித்துவிட்டு ஒருவரைக் கொண்டு மொழிபெயர்ப்பியுங்கள். ஆங்கிலத்தில் யோசித்து எழுதினால் உங்கள் ஊர் அதில் இருக்காது.

தம்பலகாமம்: காசு வருவதற்குள் விலை ஏறிவிடுகிறதே?

2022இல் நாங்கள் பட்டது அதுதான். மார்ச்சில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360க்குப் போனது. ரூபாயில் ஒப்புக்கொண்ட தொகையில் நினைத்த குழாயில் பாதிதான் வாங்கினோம். இப்போது மூன்று கடையில் கூறுவிலை எடுத்து, அவை எந்தத் திகதி வரை செல்லும் என்பதையும் குறிக்கிறோம். விலை ஏறினால் எதைக் குறைப்போம் என்று முதலே எழுதிவிடுகிறோம். குறைப்பது கன்றின் எண்ணிக்கையை, தண்ணீரை ஒருநாளும் இல்லை.

திருகோணமலை நகரம்: வளர்ந்த மரத்தை மின்கம்பி தொடுகிறது என்று மொட்டையடித்துவிட்டார்கள். மனம் விட்டுப்போச்சு.

விளங்குகிறது. அடுத்த தடவை குழி வெட்டுமுன் அண்ணாந்து பாருங்கள். கம்பி போகிற பக்கத்தில் நந்தியாவட்டை, மாதுளை போன்ற சிறியவை. மறுபக்கத்தில் வேம்பு, புங்கை, கடற்கரை ஓரமென்றால் பூவரசு. வீதி யாருடையது என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு, வீதி அபிவிருத்தி அதிகார சபையோ, மாகாணமோ, உள்ளூராட்சி சபையோ, உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி முன்மொழிவோடு இணையுங்கள். மொட்டையடித்தது வேம்பு என்றால் வேரைக் கிளறாமல் விடுங்கள், மாரிக்குத் துளிர்க்கும்.