ஏ.ஐ. கோர்ஸுக்கு நகையை அடகு வைக்கும் முன்

பாம்பனிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பி.சி.ஏ. கடைசி வருடம், ஏ.ஐ. இன்ஜினியர் ஆக்குகிறோம் என்று ஒரு சென்டர் ஒன்றரை லட்சம் கேட்கிறது; நகையை வைக்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். நீங்கள் அனுப்பிய பாடத்திட்டத்தில் முக்கால்வாசி, மாடலை (ஏ.ஐ.யின் மூளையான மென்பொருளை) புதிதாக உருவாக்கிப் பயிற்றுவிப்பது. பி.சி.ஏ. முடித்த கையோடு அந்த வேலை கிடைப்பது அபூர்வம்.

மகளுக்கு எட்டுகிற வேலை வேறு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இணையச் சேவைகளை ஏ.ஐ. உதவியாளர் எடுத்துப் பயன்படுத்தும் டூலாக மாற்றிக் கொடுப்பது. மருத்துவமனை, கூரியர், வங்கி எங்கும் பழைய ஏ.பி.ஐ.கள், அதாவது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தகவல் கேட்டு வாங்கும் வழிகள், இருக்கின்றன. அவற்றை இணைக்க பைத்தான் நிரல்மொழியும் பொறுமையும் வேண்டும். 8 ஜி.பி. ரேம் உள்ள லேப்டாப் போதும். மாடல் வேறெங்கோ சர்வரில் ஓடுகிறது, விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. பைத்தான் அடிப்படையை ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல் இணையப் பாடங்களில் இலவசமாகவே படிக்கலாம். கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் என்ன பயிற்சி இருக்கிறது என்றும் விசாரியுங்கள்.

இனி எழுதியிருப்பது மகளுக்கு. அப்படியே கொடுத்துவிடுங்கள்.

தங்கச்சி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஏ.ஐ. தானாகப் போய் ஏ.பி.ஐ.யைத் தொடுவதில்லை. 'இந்த டூலை இந்த மதிப்புகளோடு கூப்பிடு' என்று ஜேசன் வடிவில் (நிரல்கள் தகவல் பரிமாறும் எழுத்து வடிவம்) எழுதித் தருவதோடு அதன் வேலை முடிகிறது. கூப்பிடுவது உங்கள் நிரல். வந்த விடையைத் திருப்பிக் கொடுத்ததும் அது பதிலாக எழுதுகிறது. இந்த இணைப்புக்குப் பொதுவான முறையாக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏ.ஐ. நிறுவனம் வெளியிட்டதுதான் எம்.சி.பி. (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்). 2025 மார்ச்சில் ஓபன் ஏ.ஐ.யும் அதை ஏற்பதாக அறிவித்தது. பழகுவதற்கு இதையே எடுங்கள்.

புராஜெக்டாகக் கடல் அலை நிலவரத்தை எடுக்கலாம். வானிலைக் கணிப்பு தரும் ஓபன்-மீட்டியோவின் மரைன் ஏ.பி.ஐ.க்கு, வணிகம் அல்லாத பயன்பாடு என்றால், சாவி (அனுமதிக்கான ரகசியக் குறியீடு) தேவையில்லை. அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் மணிக்கொரு அலை உயரம் மீட்டரில் வரும். பைத்தான் எம்.சி.பி. நூலகத்தில் ஒரு ஃபங்ஷனுக்கு மேலே டூல் என்று குறியிட்டால் போதும். ஃபங்ஷனுக்குள் எழுதும் விளக்கத்தைத்தான் மாடல் படித்து, எப்போது கூப்பிடுவது என்று முடிவு செய்யும். அந்த நாலு வரிக்கு நிரலைவிட அதிக நேரம் கொடுங்கள்: எதற்கு, எதற்கு இல்லை, எந்த அலகு, எத்தனை நாள் வரை.

சிக்கல், இடத்தைக் குறிப்பதில்தான் தொடங்கும். மாடலிடமே அட்சரேகையைக் கேட்காதீர்கள். பாம்பன் ஏறத்தாழ 9.28 வடக்கு, 79.2 கிழக்கு. இரண்டும் இடம் மாறினால் புள்ளி ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே, ஆர்க்டிக் பகுதியில் போய் விழும். அதுவும் கடல்தான் என்பதால் பிழை எதுவும் காட்டாமல் ஓர் எண் வந்துவிடக்கூடும்! ஆகவே, பெயர்களுக்கு மூடிய பட்டியல் வையுங்கள்: மண்டபம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி. பாம்பனுக்கு மட்டும் இரண்டு: வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்), தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்). தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அடங்கிக் கிடக்கும்; வாடைக் காலத்தில் (வடகிழக்குப் பருவத்தில்) நேரெதிர். ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த இது மாடலுக்குத் தெரியும் என்று நம்பாதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண் வந்தால் சந்தேகப்படுங்கள். கணிப்பு பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களில் வருகிறது. எந்தக் கட்டத்தின் எண் என்பது விடையிலேயே இருக்கும். புள்ளியைக் கரையை விட்டுத் தள்ளி வைத்துப் பாருங்கள்.

அடுத்தது நேரம். எதுவும் சொல்லாவிட்டால் விடை ஜி.எம்.டி.யில் வரும். நம் அதிகாலை 4 மணி அங்கே முந்தைய நாள் இரவு 10.30. நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று கேட்டு வாங்குங்கள். 'நாளைக்கு' என்றால் எந்தத் தேதி என்பதையும் மாடலிடம் விடாமல் உங்கள் நிரலே கணக்கிடட்டும்.

7 நாள் கணிப்பு என்றால் 168 எண்கள். மொத்தத்தையும் மாடலிடம் கொட்டினால் வரிசை தவறிப் படிக்கும், செலவும் கூடும். கேட்ட நாளின் மிகக் குறைவு, மிக அதிகம், அவை வரும் நேரம் மட்டும் அனுப்புங்கள். இதே காரணத்தால் ஓர் ஏ.பி.ஐ.யில் 80 முகவரி (எண்ட்பாயிண்ட்) இருந்தால் 80 டூல் செய்யக்கூடாது. தானாக மாற்றித் தரும் மென்பொருள்கள் அதைத்தான் செய்யும். ஒன்றுபோல் இருக்கும் பெயர்களுக்கு நடுவே மாடல் தவறானதைப் பிடிக்கும். மனிதர் கேட்கும் வேலை எது என்று பார்த்து நாலைந்தோடு நிறுத்துங்கள்.

நெட் போய்விட்டால் 'பிழை 500' என்று மட்டும் திருப்பாதீர்கள். 'தகவல் கிடைக்கவில்லை, ஊகித்துச் சொல்லாதே' என்று வாக்கியமாகவே திருப்புங்கள். இல்லாவிட்டால் நம்பும்படியாக ஓர் அலை உயரத்தை அதுவே கற்பனை செய்துவிடும். கரையோரத்தில் இந்தக் கணிப்பு துல்லியம் குறைந்தது. படகு இறங்கலாமா என்பதை இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) அறிவிப்பும் மீன்வளத் துறை தரும் அனுமதி டோக்கனும்தான் சொல்ல வேண்டும் என்ற வரி ஒவ்வொரு விடையிலும் இருக்கட்டும்.

பலரை ஒரு நாள் முழுக்க உட்கார வைக்கும் கோளாறு ஒன்று உண்டு. லேப்டாப்பிலேயே ஓடும் எம்.சி.பி. சர்வர், மாடலைப் பயன்படுத்தும் ஆப்போடு பேசுவது நிரலின் வெளியீட்டு (stdout) வழியாகத்தான். சோதிக்க நீங்கள் போடும் ஒரு 'பிரிண்ட்' அந்தப் பேச்சுக்குள் புகுந்து இணைப்பைக் கெடுத்துவிடும். குறிப்புகளைப் பிழை வெளியீட்டுக்கு (stderr) அனுப்புங்கள். சாவி தேவைப்படும் ஏ.பி.ஐ.யானால் அது நிரலுக்கு வெளியே, சூழல் மாறியில் (environment variable) இருக்கட்டும். நிரலில் எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றினால் திருட்டுப் போகும். பணம், முன்பதிவு போன்றவற்றை மாற்றும் டூலுக்கு, ஓட்டும் முன் மனிதர் ஒப்புதல் கட்டாயம்.

பிறகு சோதனை. வீட்டில் பேசும் தமிழிலேயே 20 கேள்வி எழுதுங்கள்: 'விடியக்காலைல வடகடல் எப்படி?' என்ற மாதிரி. எந்த டூல், எந்த மதிப்புகளோடு கூப்பிடப்பட்டது, எங்கே சறுக்கியது, எதை மாற்றியதும் சரியானது என்று அட்டவணை போடுங்கள். தினம் மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், பைத்தான் தெரிந்தவருக்கு ஒன்றரை மாத வேலை. நேர்முகத்தில் சான்றிதழைவிட இந்த அட்டவணையைத்தான் துருவிக் கேட்பார்கள். வேலை தேடும்போது 'ஏ.ஐ.' என்று மட்டும் தேடாமல் பேக்எண்ட், ஏ.பி.ஐ. இன்டக்ரேஷன் என்றும் தேடுங்கள். மதுரை, கோவை, சென்னை நிறுவனங்களில் இந்த வேலை பெரும்பாலும் அந்தப் பெயர்களில்தான் வரும்.

அம்மா, அதையும் மீறி சென்டரில் சேர்ப்பதானால், பழைய மாணவர் ஒருவர் செய்த டூலை உங்கள் மகள் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நெட்டைத் துண்டித்துவிட்டும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாதியில் விட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்காமல் முதல் தவணை கட்ட வேண்டாம்.